நாலு மணிக்கு வைத்திருந்த வளைகாப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என் தங்கைக்கு வளைகாப்பு. அவளுக்கு மட்டும்தான் அது தெரியாது.

வளைகாப்பு பிறந்த வீட்டார் செய்ய வேண்டியது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது நான் ஒருத்திதான். அவள் கணவர் கப்பல் வேலையில் எங்கோ கடலில். ஊரப்பாக்கத்தில் எங்கள் கைவேலைக் குழுக்கள் ஞாயிறுதோறும் ஒரு மாடி ஹாலில் கூடும். ஒரு பக்கம் ஆரித் தையல், ஒரு பக்கம் பட்டுநூல் வளையல், ஜன்னலோரம் குரோஷா பின்னல். எல்லோருமாகச் சேர்ந்து அவளுக்குச் சொல்லாமல் நடத்திவிடுவது என்று முடிவானது. "ஆர்டர் நிறைய கிடக்கு, ஒத்தாசைக்கு வாடி" என்று புளுகி, புதுப்பட்டினத்திலிருந்து முந்தின நாளே வரவழைத்தேன். அவளுக்கு ஒன்பதாம் மாதம்.

காலையில், ஆர்டர் என்று அவளிடம் சொல்லி, வளைகாப்புக்கான மூன்றாவது கேக்கை ஓவனில் வைத்துக்கொண்டிருந்தேன். தங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"க்கா, எழுந்ததுலேர்ந்து உள்ள ஒரு அசைவும் காணோம்க்கா."

"தூங்குதுடி. நைட்டெல்லாம் ஆட்டம் போட்டுகினு இருந்தா அதுக்கும் டயர்டு ஆவாதா?"

சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு ஒரு டம்ளர் பால் கொடுத்தேன். இனிப்பு உள்ளே போனால் குழந்தை துள்ளும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். குடித்துவிட்டு வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அதற்குள் என் மகள் கிரீம் கிண்ணத்தில் விரலை விட்டுவிட்டாள். அவளைத் திட்டியதில் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று.

ஹாலில் ஒரே களேபரம். தங்கை நாற்காலியில் உட்கார்ந்து வளையல்களுக்குப் பட்டுநூல் சுற்றினாள். தன் வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கப்போகிற வளையல்கள் என்று தெரியாமலே சுற்றினாள். இரண்டு மணிக்கு என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"க்கா, செங்கல்பட்டு போயி ஒரு தபா டாக்டரைப் பாத்துனு வந்துரலாமா? பயமா கீதுக்கா."

எனக்குச் சுரீரென்றது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குழந்தைக்காக அல்ல, நாலு மணிக்காக. போய்க் காத்திருந்து திரும்பினால் நாலரை தாண்டிவிடும். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம். அப்புறம் வளையல் அடுக்க முடியாது. ஐந்து வகைச் சாதம் செய்து வைத்தாயிற்று, கேக்குக்குப் பூ வைத்தாயிற்று.

"இன்னாடி சும்மா பேஜாரு பண்ணிகினு? சாயங்காலம் நானே இட்டுனு போறேன்" என்று எரிந்து விழுந்தேன்.

வளையல் குழுவை நடத்துகிற பெண்மணி நாலு பெற்றவர். தங்கையின் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "இதோ அசையுதே!" என்றார். அசைந்ததோ இல்லையோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது.

நாலு மணிக்குத் தட்டுகளை மூடியிருந்த துணியை விலக்கினோம். தங்கை திகைத்துப்போய் என்னைப் பார்த்து அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், பாவி. சந்தனம் பூசி, கண்ணாடி வளையல்களை இரண்டு கையிலும் அடுக்கினோம். வளையல் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்பார்கள். ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்து வயிற்றருகே குலுக்கினார்கள். அவள் தலை குனிந்து கவனித்துக்கொண்டே இருந்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இப்பவும் இல்லக்கா" என்றாள்.

அப்போதுதான் சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கீழே ஓடினேன்.

என் வீட்டுக்காரர் ராகு காலம் பார்க்காமல் காரை எடுத்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த வளையல்களும் குலுங்கின. எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, வெகுநேரம் தேடினார்.

"கடைசியா எப்பம்மா அசைஞ்சது?"

"நேத்து நைட்டு."

"அப்ப காலையிலேயே ஏன் வரல?"

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். தங்கை என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "தூங்குதுன்னு நான்தான் நெனச்சுட்டேன் டாக்டர்" என்றாள்.

குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை. நர்ஸ் சோப்பு நுரை போட்டு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தாள். மறுநாள் பிறந்தது. பெண். காலையிலேயே வந்திருந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது எனக்கு ஆறுதலாக இல்லை, இன்றுவரை இல்லை.

தங்கை அதன் பிறகு ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. வருவாள், சாப்பிடுவாள், சிரிப்பாள். நடுவில் சில மாதம், உடம்பு சரியில்லை என்று வருவதை நிறுத்தியிருந்தாள். போன தை மாதம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு படம் வந்தது. ஆண் குழந்தை, பிறந்து மூன்று நாள். அவள் சுமந்ததே எனக்குத் தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று நானும் கேட்கவில்லை.