கேட்காமல் விட்ட கடைசிக் கேள்வி

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஆடி மாதம். உத்திரமேரூர் பக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டிய கிராமம். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண்களின் ஹார்மோன் எப்படி மாறுகிறது, அது மனசை எப்படிப் பாதிக்கிறது என்று ஒரு மனநல ஆராய்ச்சி நடந்தது. நர்ஸ் ரத்தம் எடுப்பார். நான் கேள்விகளைக் கேட்டு எழுதவேண்டும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதும் எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு.

கேள்விகளில் கடைசியானது, 'செத்துப்போய்விடலாம் என்று தோன்றியதா?' என்பது. 'ஆம்' என்று வந்தால் அன்றே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும்.

அந்தக் கிராமத்தில் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெண் மாசமாக இருந்தபோதும் நான்தான் போயிருந்தேன். அந்தக் கேள்விக்கு அப்போது சிரித்தாள். "இன்னாண்ணா, இதெல்லாம் ஒரு கேள்வியா?"

இந்த முறை குழந்தை பிறந்து இருபது நாள். நர்ஸ் ரத்தம் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நான் பேனாவை எடுத்தேன்.

"தூக்கம் வருதாம்மா?"

"கொயந்த தூங்கினாலும் நான் முயிச்சிக்கினுதான் கீறேன்ணா."

அவளுடைய அம்மா டீ டம்ளரோடு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்தார். "இன்னா ஆபீசரே, இன்னும் எத்தினி கீது? பச்சக் கொயந்த கீற வூடு. நல்ல வார்த்தையா கேட்டுட்டுப் போ தம்பி."

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பிள்ளை பெற்ற வீட்டில் சாவு என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். எனக்கும் நாக்கு எழவில்லை. போன முறை சிரித்தவள்தானே என்று நானே 'இல்லை' என்பதில் டிக் அடித்தேன்.

எழுந்தபோது அவள் கேட்டாள்: "அவ்ளோதானாண்ணா?"

"அவ்ளோதாம்மா."

நான்காம் நாள் போன் வந்தது. உயிரை விடப் பார்த்திருக்கிறாள். அவள் புருஷன் சரியான நேரத்தில் வந்ததால் பிழைத்தாள்.

அன்றே டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அந்தப் படிவத்தை எடுத்து நான் போட்ட டிக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் கட்டிலருகே நின்றேன். அவள்தான் முதலில் பேசினாள். "அம்மாகிட்ட எப்டிண்ணா சொல்றது? நீ அத கேப்பன்னு பாத்துக்கினே இருந்தேன். கேட்டா சொல்லிடலாம்னு."

சிகிச்சையில் அவள் தேறிவிட்டாள். எங்காவது பார்த்தால் "அண்ணா" என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

இன்றும் அதே வேலையில்தான் இருக்கிறேன். இப்போது கூட இருப்பவர்களைச் சற்று வெளியே போகச் சொல்லிவிட்டுக் கடைசிக் கேள்வியைக் கேட்கிறேன். கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்துக் காத்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் அந்தச் சில நிமிடங்கள், அன்று அவளுக்கு நான் கொடுக்காமல் எழுந்துவந்தவையாகவே எனக்குத் தோன்றுகின்றன.