தகப்பன் பெயர் தெரியாது

ஒஃபேலியா கன்டூவின் பச்சை மைக்குப் பயப்படாத வக்கீல் தெற்கு எல்லையோர ஹார்லிங்கன் அலுவலகத்தில் கிடையாது. பெரியவர் துணையில்லாமல் எல்லை தாண்டி வந்து பிடிபட்ட பிள்ளைகளுக்கு இலவசமாக வாதாடும் அலுவலகம் அது. ஏழு இளம் வக்கீல்கள் எழுதுகிற ஒவ்வொரு தாளையும் படித்துத் திருத்துவது அவள் வேலை. திங்கட்கிழமை காலையில் கோப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையில் முட்டையும் பீன்ஸும் வைத்துச் சுருட்டிய டாக்கோ, மறு கையில் பச்சைப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவாள். மத்தியானத்துக்குள் இரண்டு பேராவது கார் நிறுத்துமிடத்துக்குப் போய் அழுதுவிட்டு வருவார்கள். அவர்கள் படித்த பல்கலைக்கழகங்களில் அழுவதற்கும் மதிப்பெண் உண்டு போலிருக்கிறது என்பாள்.

வக்கீல்களை மட்டும் அவள் ஏளனம் செய்தாள் என்று சொன்னால் அது அநியாயம். எல்லோருக்கும் பங்கு உண்டு. நாலு வயதுப் பிள்ளையை நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்து, "உங்களுக்கு வக்கீல் இருக்கிறாரா?" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்கும் குடியேற்ற நீதிமன்றத்துக்குப் பெரிய பங்கு. அந்தப் பிள்ளைக்கு அதன் உரிமைகளை விளக்கக் கைப்பொம்மை அனுப்பி வைத்த தலைமையகத்துக்கு அதைவிடக் கொஞ்சம் பெரிய பங்கு. தலைமையகத்தில் பிரஸ்டன் என்று ஒரு திட்ட இயக்குநர். மாதம் ஒருமுறை கணினித் திரையில் தோன்றி, வழக்குகளை நிறம் நிறமாகப் பிரித்த அட்டவணையைக் காட்டுவார். அவர் பேசி முடிக்கும்வரை அவள் தன் பக்கத்து ஒலியை அணைத்துவிட்டு ஸ்பானிய மொழியில் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவள் பிறந்தது பக்கத்திலுள்ள சான் பெனிடோவில். வீட்டில் ஸ்பானியம், பள்ளியில் ஆங்கிலம், இரண்டிலும் சண்டை போடுவாள். கன்டூ என்பது முன்னாள் கணவன் பெயர். கணவனை விட்டாள், பெயரை விடவில்லை. வக்கீல் அட்டையில் அச்சாகிவிட்டதை மாற்ற அலைவதைவிட அவன் பெயரைச் சுமப்பது எளிது என்றாள். இருபத்திரண்டு வருடங்களாக இந்தப் பிள்ளைகளுக்காக ஓடியிருக்கிறாள். தன் ஸ்பானியத்தைப் பற்றி அவளுக்கு மிதமிஞ்சிய கர்வம் இருந்தது.

வடக்கேயிருந்து வந்திருந்த கிரஹாம் என்கிற வக்கீலின் ஸ்பானியத்தைக் கேட்டால் அவளுக்குப் பல் கூசும். பாடப்புத்தகத்தை அப்படியே வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவான். பிள்ளைகள் சிரிக்காமலிருக்கப் படாத பாடு படுவார்கள். ஆனால் அந்த ஜனவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அவளுடைய கர்வத்தில் மண்ணை அள்ளிப் போட்டவன் அவன்தான்.

"ஒஃபேலியா, அந்த ஃப்ளோரிடால்மா கோப்பு இருக்குல்ல," என்று கதவோரம் நின்றான்.

"குவாத்தமாலாப் பொண்ணு. சனிக்கிழமை பதினெட்டு முடியுது. அதுக்கென்ன?"

"அவங்க அப்பாவுக்கு என்ன வயசுன்னு கேட்டேன். படிவத்துல அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு."

"எட்டு மாசமா காலியா இருக்கு. இப்பத்தான் உனக்குக் கண்ணு தெரிஞ்சுதா?"

"எண்பத்தொண்ணுங்குறா. அம்மாவுக்கு நாற்பத்திரண்டு. சரி, வயசு வித்தியாசமான கல்யாணம்னு நினைச்சேன். அப்புறம் அம்மாவுக்கும் அப்பான்னு எழுதியிருக்கிற அப்போலினாரியோவுக்கும் ஒரே குடும்பப் பேரு, அகிலோன். கல்யாணத்துக்கு அப்புறம் அம்மா பேரை மாத்திக்கிட்டாங்களான்னு கேட்டேன். பொண்ணு என்னைப் பைத்தியம் மாதிரி பாத்துச்சு. எங்க ஊர்ல யாரும் புருஷன் பேரை வச்சுக்க மாட்டோம்னுச்சு."

ஒஃபேலியா டாக்கோவைக் கீழே வைத்தாள். அடுத்து அவன் சொல்லப்போவது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அவர் அவளோட தாத்தா," என்றான் கிரஹாம். "அம்மாவோட அப்பா."

கோப்பை எடுத்துப் பிரித்தாள். எட்டு மாதம் முன்பு, அரசாங்கக் காப்பகத்தில் இருந்த அந்தப் பெண்ணைப் பேட்டி கண்டு எழுதிய பக்கம்: 'பதினாறு வயதுவரை தந்தையோடு வசித்தாள். அவரோடு காப்பித் தோட்ட வேலை.' ஹார்லிங்கனில் இருந்த தாய் டொமிங்கா, கடற்கரை ஓட்டலில் அறை துடைப்பவள், அலுவலகத்துக்கு வரப் பயந்து தொலைபேசியிலேயே பேசினாள். அவளும் அதையே சொல்லியிருந்தாள்: பிள்ளை பப்பாவிடம் வளர்ந்தது. அவளுக்கு அவர் பப்பா. மகளுக்கும் அவர்தான் பப்பா. குவாத்தமாலாவின் சான் மார்கோஸ் மலையில் சோறு போட்டு வளர்த்தவன்தான் பப்பா, பெற்றவன் என்பது வேறு சங்கதி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஓரத்தில் பச்சை மையில் தீர்ப்பு: 'தந்தை உயிரோடு இருக்கிறார், அக்கறையுள்ளவர். கைவிடப்பட்ட வழக்கு இல்லை.' அந்தக் கையெழுத்து ஒஃபேலியாவுடையது.

பெற்றவர்களில் ஒருவர் கைவிட்டார் என்று மாநில நீதிமன்றம் எழுதிக் கொடுத்தால், பிள்ளைக்கு இந்த நாட்டில் தங்க ஒரு வழி பிறக்கும். பதினெட்டு நிறைவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைவரை குழந்தை; சனிக்கிழமை அதே பெண் பல் தேய்த்துவிட்டு வந்து நின்றால் சட்டத்துக்கு அவளைத் தெரியாது. இந்தப் புத்திசாலித்தனத்தை உட்கார்ந்து யோசித்த கனவான்களை ஒஃபேலியா வாரம் ஒருமுறையாவது வைதிருக்கிறாள். இப்போது அவர்களை வைய அவளுக்கு வாய் வரவில்லை. வெள்ளிக்குள் உத்தரவு கிடைக்காவிட்டால் ஃப்ளோரிடால்மாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அனுப்பியது தன் பச்சைப் பேனா என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

புருஷன் பெயரைத் தூக்கிக்கொண்டு திரிகிற ஒருத்திக்கு, தாயின் பெயரைப் பார்த்ததும் அது கணவன் பெயர் என்றுதான் தோன்றியிருக்கிறது. இதைவிடப் பெரிய வெட்கம் வேண்டுமா? பாடப்புத்தக ஸ்பானியக்காரன், தெரியாத காரணத்தால் கேட்டான். அவள் தெரிந்த காரணத்தால் கேட்கவில்லை.

அன்றே மனு எழுதினாள். அவசரமாக விசாரிக்கக் காரணம் என்ன என்ற இடத்தில் இப்படி எழுதினாள்: 'தந்தை என்று பிள்ளை சொன்னது யாரை என்று நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது. எட்டு மாதம் வீணானது என்னால்.' பிரதி தலைமையகத்துக்குப் போயிற்று. அரை மணி நேரத்தில் பிரஸ்டன் தொலைபேசியில் வந்தார்.

"ஒஃபேலியா, உங்க நேர்மையை மதிக்கிறோம். ஆனா வாசகத்தை லேசா மாத்தலாமே. 'புதிதாகத் தெரியவந்த விவரம்'னு."

"என்ன புதுசு? அந்தப் பொண்ணு பொறந்ததுலேர்ந்து அதே விவரம்தான்."

"நன்கொடை தர்றவங்க இதையெல்லாம் படிப்பாங்க."

"படிக்கட்டும். பொம்மை அனுப்பினதையும் சேத்துப் படிக்கட்டும்," என்று வைத்துவிட்டாள்.

புதன்கிழமை கிரஹாம் மாநிலத் தலைநகரான ஆஸ்டினுக்கு ஓடி, தகப்பன் என்று உரிமை கொண்டாடி எவனும் பதிவு செய்யவில்லை என்ற சான்றிதழை வாங்கி வந்தான். வியாழக்கிழமை தாயையும் மகளையும் உட்கார வைத்துக் கேள்வி பதில் பழக்கினார்கள். தாத்தாவைத் தாத்தா என்று சொல்ல வேண்டும் என்று பத்து தடவை சொன்னான் கிரஹாம். ஃப்ளோரிடால்மா பத்து தடவையும் தலையாட்டினாள். பெரியவர்கள் எது சொன்னாலும் தலையாட்டுகிற வளர்ப்பு அவளுக்கு. ஒஃபேலியாவுக்கு அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு நேரம் கிடைத்தது. நீதிபதி எஸ்கமியா பூட்ஸ் அணிந்த காலை மேசைக்கடியில் நீட்டிக்கொண்டு மனுவை ஒருமுறை படித்தார், மறுபடி படித்தார்.

"கன்டூ அம்மா, நீங்க இந்தப் பக்கம்தானே?"

"சான் பெனிடோ, ஐயா."

"எங்க வீட்ல நான் எங்க தாத்தாவ பப்பாங்கிறதா, அப்பாவ பப்பாங்கிறதான்னு சண்டையே நடந்துச்சு. இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், ஐயா. தெரிஞ்சும் கேக்கல."

அவர் தாளைத் திருப்பினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஃப்ளோரிடால்மா கையை உயர்த்தி, கடவுள் சாட்சியாக உண்மை சொல்வேன் என்றாள். அவள் போகிற சபையில் சத்தியம் என்றால் விளையாட்டில்லை. கிரஹாம் எழுந்து, தன் அழகான ஸ்பானியத்தில் முதல் கேள்வியைக் கேட்டான்.

"உன் தந்தை எங்கே இருக்கிறார்?"

"ஊர்லதான் இருக்காரு. இப்போ காப்பி பறிக்கிற நேரம்."

கிரஹாமின் காது சிவந்தது. "அவர் உன் தாத்தா, இல்லையா? தந்தை இல்லை?"

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். டொமிங்கா பின்பெஞ்சிலிருந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா," என்றார் நீதிபதி.

"சத்தியம் பண்ணியிருக்கேனே," என்றாள் அவள். "பப்பா இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். சுவர்க்கடிகாரத்தில் நான்கு ஆகப் பத்து நிமிடம். நாலரைக்கு நீதிமன்ற அலுவலகத்தை மூடினால் அடுத்து திங்கட்கிழமைதான், திங்கட்கிழமை இந்தப் பெண்ணுக்கு வழக்கே கிடையாது. தன் பிள்ளையாக இல்லாத பிள்ளையைச் சோறு போட்டு வளர்த்த கிழவனை, ஒரு நாட்டின் சட்டத்துக்காகப் பப்பா இல்லை என்று சொல்லச் சொல்கிறோமே என்று ஒஃபேலியாவுக்கு நெஞ்சு கொதித்தது. எழுந்து கிரஹாமை உட்காரச் சொன்னாள்.

"கண்ணு, அவர் இல்லைன்னு நீ சொல்ல வேண்டாம். நான் கேக்குறதுக்கு மட்டும் சொல்லு. உங்க அம்மாவுக்கு அப்போலினாரியோ என்ன வேணும்?"

"பப்பா."

"உனக்கு?"

"பப்பா."

"ரெண்டு பேருக்குமா?"

"எங்க ரெண்டு பேரையும் வளத்தது அவருதானே. அம்மா இங்க வரும்போது எனக்கு மூணு வயசு."

"சரி. உங்க அம்மா வயித்துல நீ வர்றதுக்குக் காரணமான ஆளு ஒருத்தன் இருப்பான்ல. அவன்?"

ஃப்ளோரிடால்மா முதல்முறையாக முகத்தைச் சுளித்தாள். "அந்த ஆளா? எனக்கு எப்படித் தெரியும்? நான் பாத்ததே இல்ல."

"பேரு?"

"எங்க வீட்ல யாரும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

பிறகு டொமிங்கா சாட்சி சொன்னாள். பெற்றவன் அறுவடைக்கு வந்த கூலிக்காரன், தான் கர்ப்பம் என்று சொன்ன வாரமே லாரி ஏறிப் போனவன், சொன்ன பெயரும் பொய்ப் பெயர் என்று பிறகு தெரிந்தது என்றாள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நாலே காலுக்கு நீதிபதி கையெழுத்துப் போட்டார்.

இதோடு எல்லாம் முடிந்துவிடாது. இந்தத் தாளை வைத்து இன்னொரு தாள், அதை வைத்து மற்றொன்று என்று வரிசையில் நின்று வருடங்கள் போகும். ஆனால் இது இல்லாவிட்டால் வரிசையே இல்லை. நடைபாதையில் கிரஹாம் சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான், ஒஃபேலியா அவனைக் கேலி செய்யவில்லை.

முத்திரை குத்திய பிரதியை ஃப்ளோரிடால்மாவின் கையில் கொடுத்தாள். ஆங்கிலம் புரியாமல் அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"படிச்சுச் சொல்லுங்க, வக்கீலம்மா."

"தகப்பன் பெயர் தெரியாது. பிள்ளையைக் கைவிட்டார். அதான் எழுதியிருக்கு."

"யாரு?"

"பெத்தவன்."

"பேரு போடலியே. பேரு இல்லாம தகப்பன்னு இருந்தா, படிக்கிறவங்க பப்பாவத்தானே நினைப்பாங்க?"

ஒஃபேலியா குனிந்து அந்த வரியை மறுபடி படித்தாள். டொமிங்கா தாளைப் பார்க்காமல் மகளின் தலையைத் தடவினாள்.

"நாளைக்குப் பொறந்தநாள்னு அவரு காலைலயே கூப்பிடுவாரு," என்றாள் ஃப்ளோரிடால்மா. "கோர்ட்ல என்ன சொன்னேன்னு கேப்பாரு. இதை எங்க வீட்ல வைக்க வேண்டாம், வக்கீலம்மா. நீங்களே வச்சுக்குங்க."

தாளை நான்காக மடித்து ஒஃபேலியாவின் கையில் திணித்துவிட்டு, தாயைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தாள்.