கட்டுகஸ் தோட்டத்து ஆள்

என் கோபத்தைக் கண்டு இதுவரை யாரும் பயந்ததில்லை. கோபம் வந்தால் எனக்குத் தும்மல் வரும். அன்று கல்லூரிக் கந்தோரில், அதாவது ஆபீசில், ஓயாமல் தும்மினேன்.

கண்டியில் ஒரு கல்லூரிக்குப் பூகோளம் படிப்பிக்க என்னை இந்தியாவிலிருந்து எடுத்திருந்தார்கள். பிறகு மனைவி வரவேண்டும். கல்லூரி ஒரு கடிதம் கொடுத்தால் போதும். சீமையிலிருந்து வந்த விளையாட்டு மாஸ்டருக்கு எல்லாம் முன்கூட்டியே எழுதி, அவர் நாய்க்கும் அனுமதி வாங்கி, துறைமுகத்துக்கே ஆள் அனுப்பினார்கள். நான் கேட்டபோது கல்லூரி அதிபர், "கமிட்டி கூடட்டும்" என்றார். கமிட்டி கூடுமுன் என் மனைவி கடலுக்கு அக்கரையில், இந்தியக் கரையிலிருந்த முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

இலங்கைக்கு வருகிறவர்களை நோய் பார்த்து விடுகிற முகாம் அது. கடிதம் இருந்தால் போகலாம். தோட்டக் கூலியானால் தோட்டத்தின் பேரில் போகலாம். இரண்டும் இல்லையென்றால் திரும்ப வேண்டியதுதான். முகாம் குமாஸ்தா, "புருஷன் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். அவள் கல்லூரியின் பெயரைச் சொல்லி, நான் வாடகைக்கு இருந்த ஊரையும் சொன்னாள்: கட்டுகஸ்தோட்டை. அவர் காதில் அது ஒரு தேயிலைத் தோட்டமாக விழுந்தது. உடனே கல்லூரிக்குக் கார்டு போட்டார்: உங்களிடம் தோட்டம் உண்டா? இல்லையென்றால் இந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்புகிறோம்.

எங்கள் கிளாக்கர் யாழ்ப்பாணத்தார். பொய்யே எழுதமாட்டார்.

"தோட்டம் இருக்கோ எண்டு கேட்டவை. இல்லை எண்டு எழுதிப்போட்டன். இதிலை என்ன பிழை மாஸ்டர்?"

"அது என் மனைவி ஐயா."

"மனிசி எண்டு கார்டிலை இல்லையே."

தும்மினேன். அதிபரிடம் ஓடினேன். "அடுத்த கமிட்டியில் வைப்போம்" என்றார். அதற்குள் திருப்பிவிடுவார்களே என்றேன். "அப்படியானால் மறுபடியும் வரச் சொல்லுங்களேன்" என்றார், விலாசம் தப்பிய பார்சலைப் பற்றிப் பேசுவதுபோல. உலகப் படத்தில் எந்த ஆற்றையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுகிற எனக்கு, அந்த மனிதருடைய நெஞ்சு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பிவந்து கிளாக்கரைக் கேட்டேன்: "உங்க ஊர்ல தோட்டம்னா என்ன?"

"வெங்காயம், மிளகாய், வெண்டி."

கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப் போனேன். விடுதிக்குப் பின்னால் சமையல்காரர் நட்ட வெண்டிச் செடிகள் நாலைந்து நின்றன. "அது என்ன?"

வெகுநேரம் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஓம், தோட்டம்தான். அப்ப நான் பொய்யெல்லோ எழுதிப்போட்டன்."

என் மனைவிக்காக அசையாத மனுஷர் தம் சத்தியத்துக்காகத் தபால் கந்தோருக்கு ஓடினார். தந்தி போயிற்று: தோட்டம் உண்டு. ஆளை அனுப்பவும்.

கண்டி ஸ்டேஷனில், ஹந்தானைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிச் சனத்தோடு அவள் இறங்கினாள். முகாமில் மாட்டுக்கு ஊற்றுவதுபோல மருந்துத் தண்ணீர் ஊற்றி, கழுத்தில் நம்பர் போட்ட தகரத்துண்டைக் கயிற்றில் கட்டி அனுப்பியிருந்தார்கள். கூட வந்த எல்லார் கழுத்திலும் அதுதான் தொங்கியது. அவர்களுக்காகக் கோபப்பட அங்கே ஒரு வாத்தியாரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அன்றுவரை அவர்களுக்காக எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

கல்லூரித் தேநீர் விருந்தில் அதிபர் அவளிடம் இங்கிலீஷில், பயணம் சௌகரியமாக இருந்ததா என்று என் மூலம் விசாரித்தார்.

"அடுத்த தடவ ஒரு நாயையும் கூட்டிக்கிட்டு வர்றேன்னு சொல்லுங்க" என்றாள்.

மொழிபெயர்ப்புக்காக அதிபர் என் முகத்தைப் பார்த்தார். நான் தும்மிக்கொண்டிருந்தேன்.