பத்துக் கிலோவுக்குள் ஒரு நாய்

அசாம் ஜாவா ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் என் கிராணி வேலை முடிந்து, தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சமயத்தில்தான் அந்தக் குட்டி எங்களிடம் வந்தது. மகளின் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோக ஏற்பாடு. அங்கே நாய் வளர்க்கலாம். ஆனால் பத்துக் கிலோவுக்கு மேல் கூடாது. என் மனைவி மகளிடம் இதை இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, இது சின்ன சாதியாகத்தான் தெரிகிறது என்றாள்.

எனக்கு அப்படித் தெரியவில்லை. தாய், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் திரிந்த பழுப்பு நாய். தகப்பன் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆலைக் காவலாளியின் அல்சேஷன் மீதுதான் எல்லோருக்கும் சந்தேகம். குட்டியின் பாதங்கள், யாருடைய பெரிய சப்பாத்தையோ மாட்டிக்கொண்டது போல இருந்தன. கழுத்துத் தோல் இரண்டு விரல் பிடிக்கத் தொங்கியது. முன்பற்கள் விழத் தொடங்கியதும் வயது நாலு மாதம் என்று வைத்துக்கொண்டு, அதைத் தூக்கியபடி எடை மெஷினில் ஏறினேன். பிறகு தனியாக ஏறி என் எடையைக் கழித்தேன். எட்டுக் கிலோ. நாலு மாத எடையை இரட்டித்தால் வளர்ந்த எடை ஏறக்குறைய வரும் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். பதினாறு. அந்தப் பாதங்களுக்காக இன்னும் இரண்டு சேர்த்தேன்.

மனைவியிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

"உங்க கணக்கு ஒரு தடவையாவது தப்பாப் போவக் கூடாதா?"

அதன் பிறகு ஞாயிறுதோறும் எடை பார்த்தேன். எட்டு. மறுபடியும் எட்டு. உயரம் கூடியது, எடை கூடவில்லை. என் கணக்கு தப்புகிறது என்று வாழ்க்கையில் முதல் முறையாகச் சந்தோஷப்பட்டேன். அவளும் சிரித்தாள், குட்டியைப் பார்க்காமல். புழுவாக இருக்குமோ என்று பயந்து மருந்து வாங்கிக் கொடுத்தேன். அப்போதும் எட்டுதான்.

ஒரு மத்தியானம் குட்டி செம்பனைக் காட்டிலிருந்து வந்தது. வாயெல்லாம் ஆரஞ்சு நிற எண்ணெய். உதிர்ந்த பழங்களைத் தின்றிருக்கிறது. வாசலில் கக்கியது. கக்கியதையே மறுபடி தின்னப் போனது. அவள் ஓடிப்போய்ப் பிடித்து, கைத்துண்டால் அதன் வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"பாதிச் சோறுதாங்க போட்டுக்கிட்டு இருந்தேன். வளராம இருந்தா கூட்டிட்டுப் போயிரலாம்லா."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பானையில் எங்களுக்கு வைத்திருந்த சோற்றையும் மீன் குழம்பையும் வழித்து அதற்கு வைத்தாள். அது தட்டை நக்கி முடிக்கும்வரை தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு சுங்கை ஆயர் தாவாரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரருக்குப் போன் போடச் சொன்னாள். அவர் தென்னந்தோப்புக் காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்தார். லோரியில் வந்து ஏற்றிப் போனார். அவள் வெளியே வரவில்லை.

இப்போது மகள் வீட்டில் இருக்கிறோம். தங்கை வீட்டுக்காரர் போனில் வரும்போதெல்லாம் அவள் என்னைக் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: எவ்வளவு உயரம்? போன வாரம் கேட்டதற்கு, முழங்காலைத் தாண்டிவிட்டது என்றார். சொன்னேன். அவள் சமையல்கட்டில் நின்றபடியே குனிந்து, உள்ளங்கையை முழங்காலுக்குப் பக்கத்தில் நீட்டினாள். கொஞ்சம் உயர்த்தினாள். இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

"இம்புட்டா?"

நானும் அதன் பிறகு அதைப் பார்த்ததில்லை. ஆமாம் என்றேன்.