எனக்குப் பழக்கமான வெயில்

ஜெர்மனியின் ஷ்வெரின் ஏரிக்கரையில் நான் சமைக்கும் உணவகத்தில் இன்று காலை வானொலி பாடிக்கொண்டிருந்தது. இந்தக் கோடை எங்கள் பக்கம் வழக்கத்தைவிடச் சூடாக இருக்கும் என்றார்கள்.

"வெளி மேசையெல்லாம் நிரம்பும்!" என்று முதலாளி கைதட்டினார்.

அடுத்த வேலையாக, சமையலறையில் இருக்கும் ஒரே மின்விசிறியை என் அடுப்படியிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் சலாட் வெட்டும் அன்யாவின் பக்கத்தில் வைத்தார்.

"அடுப்பில் நிற்பது நான்" என்றேன்.

"அன்யா பாவம், வெயில் தாங்கமாட்டாள். உங்கள் ஆட்களுக்கு இது பழக்கம்தானே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எரிகிறது.

பாத்திரம் கழுவும் குமார் அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவரிடம் தமிழில் கொட்டித் தீர்த்தேன்.

"எனக்குக் குளிர் பழக்கமில்லை எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லையே பிள்ளை? ஒவ்வொரு மாரியும் வாசல் பனியை வழிக்கிறது நான்தானே" என்றார்.

நான் பிறந்து வளர்ந்தது இதே ஜெர்மனியில், எசன் நகரில். அங்கே மழைதான் அதிகம். அன்யாவோ வருடம் தவறாமல் ஸ்பெயினின் மயோர்கா தீவுக் கடற்கரையில் வெயில் காய்ந்துவிட்டு வருபவள்.

நான் எந்த ஊரில் வெயிலுக்குப் பழகினேன் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். விடுமுறைக்கு அங்கேயே போய்விடுகிறேன்.