ரொட்டி வேனில் போன சவப்பெட்டி

போன வருடம் தீபாவளி கழிந்து, மழை பிடித்துக்கொண்ட நாட்களில், மலேசியாவின் கெடா மாநிலத்தில், புக்கிட் செலம்பாவில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அண்ணன் இறந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

எங்கள் வீட்டில் மொத்தமே மூன்று பேர்தான். அப்பா, அண்ணன், நான். நான் பள்ளியில் படிக்கும்போதே அம்மா காலமாகிவிட்டார். அப்பா சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் சுங்கை பட்டாணியில் ஏர்கோன் குளிரூட்டிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தான். நான் குலிமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுப் பொறியாளர். எங்கே பழுது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் மூவரையும் ஒரே சோபாவில் உட்கார வைத்தவை பிரிட்டிஷ், ஐரிஷ் நகைச்சுவைத் தொடர்கள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். தோட்டத்து மேனேஜர் ஒருவர் பங்களாவைக் காலி செய்தபோது, குப்பைக்குப் போகவிருந்த ஆங்கில நகைச்சுவை நாவல்களை அப்பா பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தாராம். அங்கே ஆரம்பித்த பழக்கம் இது. பிறகு தொலைக்காட்சி, பிறகு இணையம். வெள்ளிக்கிழமை மாலைகளில், தொலைந்த பொருள்களைக் காத்து வைக்கும் அலுவலகம், நாலே பேர் பாடும் தேவாலயப் பாடகர் குழு என்று ஏதாவது ஒன்று ஓடும். மூவரும் மதிப்பெண் போடுவோம். நான் அட்டவணையாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவேன். "இவனுங்களும் நம்ம தோட்டத்து ஆளுங்க மாதிரிதான். எல்லாத்துலயும் தோத்துக்கிட்டே இருப்பானுங்க, ஆனா தேத்தண்ணிய மட்டும் நேரத்துக்குக் குடிப்பானுங்க" என்பார் அப்பா. தொடர்களை நானும் பார்ப்பேன். நாவல்கள் மட்டும் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்த தனிச் சமாச்சாரம்.

அண்ணன் மழையில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று சறுக்கி அவன்மேல் மோதியது. அவ்வளவுதான்.

என்ன செய்ய வேண்டுமோ எல்லாவற்றையும் நான் செய்தேன். போலீஸ் புகார், சவக்கிடங்கு, சுடலைக்கு அனுமதி, கூடாரம், நாற்காலி, பூசாரி, அவன் கம்பெனிக்குத் தகவல். பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக முடித்து, ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தேன். அழவில்லை. அழுகை அந்தப் பட்டியலில் இல்லை என்பதுபோல் இருந்தேன்.

அப்பா சுடலையிலிருந்து திரும்பியதும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே தொலைக்காட்சி. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அதைப் போடக்கூடாது என்று அத்தை அதன்மேல் வெள்ளைத் துண்டைப் போர்த்தியிருந்தார். அத்தை அப்பாவின் தங்கை. துக்கத்துக்கு வந்தவர் எங்களோடு தங்கிவிட்டார். அப்பா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடவில்லை. பேசவில்லை. கஞ்சியோடு போனால் கையால் தள்ளினார். தண்ணீரைக் கரண்டியில் எடுத்து உதட்டில் வைத்தால் அது தாடையில் வழிந்தது.

அப்பா இன்சுலின் போடுகிற நீரிழிவு நோயாளி. சாப்பிடாதவருக்கு வழக்கமான அளவு ஊசியைப் போட முடியாது. போடாமலும் இருக்க முடியாது. கிளினிக்கிலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்துச் சொன்னார். தண்ணீர்கூட இறங்கவில்லை என்றால் நாளைக் காலை பெரிய மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டும், சிறுநீரகம் தாங்காது, இந்த வயதில் எதுவும் சொல்ல முடியாது. நான் உள்ளே போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா சொன்னது ஒரே வார்த்தை.

"விடும்மா."

அவர் எதை விடச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஒரே வாரத்தில் இரண்டாவது முறையாகப் பூசாரிக்குப் போன் செய்ய வேண்டியிருக்குமோ என்று நினைத்தேன்.

இதற்கு நடுவில் துக்கம் கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நம் வீடுகளில் வழக்கம் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். வருகிறவர் உட்காருவார், பெருமூச்சு விடுவார், "எப்படிமா ஆச்சு?" என்பார். வீட்டில் ஒருவர் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவர் எழுந்து போனதும் அடுத்தவர் வருவார். மறுபடியும் முதலிலிருந்து. அத்தைதான் சொல்லுவார். சொல்லச் சொல்ல அந்தக் கதை வளர்ந்தது. மழை பலத்தது, லாரி பெரிதானது. லாரி வரும் இடம் நெருங்கும்போதெல்லாம் அப்பாவின் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கின. நாங்கள் ஒரு நாளைக்குப் பலமுறை என் அண்ணனை அப்பாவின் எதிரில் சாகடித்துக்கொண்டிருந்தோம். பழுது கண்டுபிடிக்கிறவளான எனக்கு அது கண்ணில் படவில்லை.

டாக்டர் வந்துபோன அன்று பிற்பகல், மழை சற்று ஓய்ந்தபோது, வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழ் முஸ்லிம் ஒருவர், கையில் மூடி போட்ட சட்டியோடு இறங்கினார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. சுங்கை பட்டாணியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். அண்ணன் வேலை முடிந்து அங்கேதான் சாப்பிடுவானாம்.

"அக்கா, கஞ்சி கொண்டாந்தேன்" என்றார் அத்தையிடம். "புதுச் சட்டிதான். அரிசி, பூண்டு, வெந்தயம், அவ்வளவுதான். கறி கிறி எதும் படல."

"அங்க வைங்க பாய்" என்று வாசல் ஓரத்தைக் காட்டிவிட்டு அத்தை என் காதில் கேட்டார். "யாரு இவரு? ஒன் அண்ணனுக்கு இவ்வளவு வயசுல கூட்டாளியா?"

பாய் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. நேரம் போனது. அத்தைக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை, தானே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நல்ல மழ பாய். வேலையெல்லாம் முடிச்சுட்டு..."

"வேணாக்கா" என்றார் பாய். "தெரியும். அந்த ரோட்டுலதான் நானும் வர்றேன், போறேன்."

அத்தை அப்படியே நிறுத்திவிட்டார். அந்த வாரத்தில் அந்தக் கதையை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். பாய் தொப்பியைக் கழற்றி மடித்தார், பிரித்தார். பிறகு, தன்னையும் மீறி வந்ததுபோல, அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். கேக்கலாமா கூடாதான்னு தெரியல. அந்தப் பெட்டி என்னாச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தப் பெட்டி?

"ரொட்டி வேன்ல ஏத்துனாங்களே, அந்தப் பெட்டி. தம்பி சொல்லிக்கிட்டிருந்த கத."

பிறகுதான் விளங்கியது. பாய் இளவயதில் இங்கிலாந்தில் ஒரு உணவகத்தில் சில வருடம் வேலை செய்தவர். அங்கே இந்தத் தொடர்களில் விழுந்தவர்தானாம், இன்னும் எழவில்லை. கல்லாவில் போனைச் சாய்த்து வைத்து அண்ணனும் அவரும் சேர்ந்து பார்ப்பார்களாம். எங்கள் வீட்டு அட்டவணையில் அண்ணன் கொண்டுவந்து சேர்த்த பாதிப் பெயர்கள் இவர் சொன்னவை. பதிலுக்கு அண்ணன் அவருக்கு நாவல்களைத் தமிழில் கதையாகச் சொல்லுவான், வாரம் ஒரு பகுதி.

அப்படிக் கடைசியாகச் சொன்னது ஒரு ஐரிஷ் நாவல். கிராமத்தில் ஒருவர் இறந்துபோகிறார். சவ வண்டி பாதி வழியில் நின்றுவிடுகிறது. கிடைத்த ஒரே வாகனம் ரொட்டி வேன். அதன் ஓட்டுநரோ, வழியிலுள்ள வீடுகளுக்கு ரொட்டி போடாமல் வரமாட்டேன் என்கிறார். மகன்கள் வேறு வழியில்லாமல் பெட்டியை ஏற்றுகிறார்கள். வீட்டுக்கு வீடு நின்று, ரொட்டி கொடுத்து, கடைசியில் கல்லறைக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளே தட்டுகள் மட்டும் இருக்கின்றன.

"அங்க நிறுத்திட்டாருண்ணே" என்றார் பாய். "மீதி அடுத்த வாரம் பாய்னுட்டு போனாரு."

அத்தைக்குத்தான் முதலில் வாய் வந்தது.

"ஏன் பாய், நீங்க துக்கம் கேக்க வந்தீங்களா, கத கேக்க வந்தீங்களா?"

பாயின் முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சுக்குங்கக்கா. தப்புதான். வாய் வந்துடுச்சு" என்று எழுந்தார். எனக்கும் அவர் போனால் போதும் என்றிருந்தது. உண்மையில் நான் கதவுப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

"காணாமப் போகல."

அப்பாவின் குரல். உப்புத்தாளைத் தேய்த்ததுபோல் இருந்தது.

"எறக்கி வச்சுட்டு மறந்துட்டானுங்க."

பாய் நின்ற இடத்திலேயே திரும்பி, நாற்காலிக்குப் போகாமல் அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். "எங்கண்ணே எறக்குனாங்க?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். இருமல் வந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை வரவில்லை. என் பக்கம் கையை நீட்டினார்.

"தண்ணி."

நான் ஓடினேன். அப்பா அந்தக் குவளையை இரண்டு கையாலும் பிடித்து முழுவதும் குடித்தார். கரண்டி கரண்டியாக நான் கெஞ்சியும் இறங்காத தண்ணீர், கதை சொல்ல வேண்டும் என்றதும் இறங்கியது. இன்னொரு குவளை கொண்டுவந்தேன். அதையும் குடித்தார்.

"ஒரு வீட்டுல தட்டு எடுக்க வழி இல்லேன்னு பெட்டிய வாசல்ல எறக்கி வச்சானுங்க. அந்த வீட்டுல தேத்தண்ணி குடுத்தாங்க. குடிச்சானுங்க. அப்புறம் ரொட்டிய மட்டும் ஏத்திக்கிட்டுக் கெளம்பிட்டானுங்க."

"யா அல்லா. யாரு வீடுண்ணே?"

"அதான வெனை. வேலித் தகராறுல செத்தவன்கூட காலம் பூரா பேசாத பொம்பள வீடு."

பாய் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அப்பா விடவில்லை. மகன்கள் அலறி அடித்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். வந்து பார்த்தால், அந்தப் பெண்மணி பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, செத்தவரை வரிசையாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். பெட்டியைத் தூக்கப் போனால் கையைக் காட்டித் தடுக்கிறார்.

"'இருங்கடா, இன்னும் வேலி விஷயத்துக்கே வரல'ங்கிறா" என்றார் அப்பா.

பாய் வெடித்துச் சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். நீண்ட நாள் ஓடாத இயந்திரத்தை முடுக்கினால் வருமே, அப்படியொரு சத்தம். உடம்பு முழுக்க ஆடியது. அத்தை பாய்ந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார், சன்னல் கண்ணாடிகளை இழுத்து மூடினார். "அண்ணே, சிரிக்காதண்ணே. வெளிய கேக்குது. சாவு வீடுண்ணே இது" என்று கெஞ்சினார்.

அப்பாவால் நிறுத்த முடியவில்லை. எந்த இடத்தில் அது மாறியது என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை.

"ஒரு வார்த்த திட்டலையேடா ஒன்ன" என்று துண்டு போர்த்திய தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினார் அப்பா. "மழையில வராதடான்னு ஒரு வார்த்த... திட்டக்கூட நேரம் குடுக்கலையேடா."

சுடலையில்கூட அவர் அழவில்லை. அத்தை தரையில் உட்கார்ந்து அவர் கால்களைக் கட்டிக்கொண்டார். பாய் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். நான் காலிக் குவளையோடு நின்றேன். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது, நின்றபடியே அழுதேன்.

எல்லாம் அடங்கியபின் அத்தை எழுந்து போனார். வாசல் ஓரத்தில் தள்ளி வைத்த சட்டியைத் தானே எடுத்துவந்து, தானே கிண்ணத்தில் ஊற்றினார். அப்பா கொஞ்சம் குடித்தார். சர்க்கரை அளவு பார்த்து, டாக்டருக்குப் போன் செய்து, அவர் சொன்ன அளவு ஊசி போட்டேன். தண்ணீரையும் கஞ்சியையும் நிறுத்தாமல் கொடுங்கள், காலையில் வந்து பார்க்கிறேன் என்றார். மறுநாள் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது பாய்க்கும் தெரிந்திருந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது வாசலில் மோட்டார் சைக்கிள் இல்லை.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. அப்பா அடுத்த நாள் மறுபடியும் பேச்சை நிறுத்திவிட்டார். ஆனால் கொடுத்ததைக் குடித்தார். உடம்பு பாதியாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் நான் ஏதாவது ஒரு தொடரைப் போடுகிறேன். சில நாள் பார்க்கிறார், சில நாள் பாதியில் எழுந்து போய்விடுகிறார். நாவல் பெட்டியை அவர் திறப்பதில்லை. சட்டியைத் திருப்பிக் கொடுக்க நான் கடைக்குப் போனபோது, பாய் கல்லாவில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஐயா தண்ணி குடிக்கிறாரா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

இந்த வருடம் என்னோடு வேலை செய்யும் தோழியின் தாயார் கரங்கானில் இறந்தார். போயிருந்தேன். எப்படி ஆச்சு என்று நான் கேட்கவில்லை. பாய் கேட்டதுபோல் வேறெதையாவது கேட்கலாம் என்று, அம்மா உன்னை எதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார் என்றேன். அவள் என்னை வெறித்துப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். இது கற்றுக்கொண்டு செய்கிற வேலை இல்லை போலிருக்கிறது.

அன்று பாய் கேட்டது துணிச்சலா, அசட்டுத்தனமா, இல்லை உண்மையிலேயே முடிவு தெரியாமல் தூக்கம் வராத ஒருவரின் தவிப்பா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காலையில் எழுந்ததும் அடுத்த அறையில் அப்பா இருமுகிற சத்தம் கேட்கும்போது, பிரித்துச் சொல்லத் தேவையும் இல்லை என்று தோன்றுகிறது.