பச்சை நிறத்தை நம்பிய நாட்கள்

சித்திரை வெயில். ஸ்ரீரங்கம் கோயில் பிராகாரக் கல்லில் எல்லோரும் சூடு தாங்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் நிதானமாக நடந்தேன். கால்களுக்குக் கீழே பஞ்சு விரித்ததுபோல் இருந்தது.

"உனக்கு மட்டும் பெருமாள் தனியா நிழல் தரார் போலிருக்கு" என்று என் கணவர் கேலி செய்தார். எனக்கும் உள்ளூர அப்படித்தான் தோன்றியது. பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டில் கால் கழுவும்போது பார்த்தால், வலது உள்ளங்காலில் சுண்டுவிரலுக்குக் கீழே பெரிய கொப்புளம். தொட்டேன். வேறு யாருடைய காலையோ தொடுவதுபோல் இருந்தது.

திருச்சி டாக்டர் சர்க்கரை நோய் என்றார். பாதத்தில் நியூரோபதியும் (நரம்புகள் உணர்ச்சி இழப்பது) ஆரம்பித்துவிட்டதாம். மாத்திரை எழுதிக் கொடுத்து, வீட்டிலேயே சிறுநீரைச் சோதிக்க பெனடிக்ட் கரைசல் (சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் நீல மருந்து) வாங்கச் சொன்னார். கொதிக்கவைத்தும் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று போகப் போக சர்க்கரை அதிகம்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் சோதனையில் நீலம் வந்தது. அப்போதுதான் என் கணவர் ஒரு கண்காட்சியிலிருந்து ஸ்பைருலினா (உண்ணக்கூடிய நீர்ப்பாசி) பொடியோடு வந்தார். எண்பதுகளில் அது புதுசு. வெங்காயம் நுழையாத எங்கள் சமையலறைக்குள் பாசி நுழைந்தது.

மோரில் கலக்கினால் குளத்தங்கரை வாசனை. குடித்துவிட்டுக் கண்ணை மூடினால், நானே தண்ணீருக்கடியில் மெல்ல அசைந்துகொண்டிருப்பதுபோல் இருக்கும். உடம்பு லேசாகிவிட்டதாக நம்பினேன். "மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போமே" என்றார் அவர். நான் நோயாளி இல்லை என்று யார் சொல்லியிருந்தாலும் அன்று கேட்டிருப்பேன். நிறுத்திவிட்டேன்.

சோதனைக் குழாயில் பச்சை வந்தது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பச்சைப் பொடி குடிக்கறே, பச்சையாத்தானே வரும்?"

இருவருக்கும் நிம்மதி. தினமும் பார்த்துப் பார்த்து அந்தப் பச்சை அழகாகக்கூடத் தெரிந்தது. கொப்புளம் உடைந்த புண் மட்டும் ஆறவில்லை. வலிக்கவும் இல்லை என்பதால் அதை மறந்தே போனோம்.

ஒரு காலையில் குழாய் செங்கல் நிறமானது. அவர் குழாயை வைத்துவிட்டுக் குனிந்து என் காலைப் பார்த்தார். என் சுண்டுவிரல் கறுத்திருந்தது.

"பொடியோட நிறம் அந்தச் சோதனையில வராதுங்கம்மா. அது சாப்பாடு, மருந்து இல்ல. யாரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினீங்க?" என்றார் டாக்டர்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார் என் கணவர்.

"பாதத்தையாவது காப்பாத்த முடியுமான்னு பார்க்கிறேன்."

ஆஸ்பத்திரியில் காலையும் மாலையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துபோயின. இன்சுலின் ஊசி போட்டார்கள். சுண்டுவிரலை எடுத்தார்கள். பாதம் தங்கியது.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பொடி குடிப்பதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பாதத்தைத் தினமும் பாருங்கள், அது தானாக வந்து உங்களிடம் சொல்லாது.

இப்போது சாயங்காலமானால் அவர் என் பாதத்தை மடியில் வைத்துக்கொள்வார். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, விரலால் அங்கங்கே தொடுவார்.

"தெரியறதா?"

"ஊஹூம்."

"இங்கே?"

கணுக்காலுக்கு மேலே வந்தால்தான் எனக்குத் தெரியும். அதுவரை காத்திருப்பேன். ஒருநாள் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று கண்ணைத் திறந்தேன். இரண்டு கைகளாலும் என் பாதத்தைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாகவோ, எனக்குத் தெரியவில்லை.